தடம் இருந்தால் போதுமா?

"முன்னால் நாலு பேர் சறுக்கிப் போன தடம் இருக்கிறது; பனிச்சரிவு எச்சரிக்கையும் ஐந்தில் மூன்றுதான். பிறகென்ன பயம்?" என்று கேட்கிறார் நண்பர். அந்த 'மூன்றுதான்' என்பதிலேயே கோளாறு. அந்த அளவுகோலில் படி ஏற ஏற ஆபத்து மடங்காகப் பெருகும். மூன்றாம் படியில் பனி சரிய ஒற்றை ஆளின் எடையே போதும்.

தடமா? தெளிந்த குளிர் இரவுகளில் பனியின்மேல் இறகு போன்ற படிகங்கள் முளைக்கும். அடுத்த பனிப்பொழிவு அவற்றை மூடிவிடும். மேலே கெட்டி, அடியில் பிடிப்பே இல்லை. அந்த அடுக்கு எங்கும் ஒரே ஆழத்தில் கிடக்காது. நால்வரைத் தாங்கியது ஐந்தாமவரின் காலடியில் உடையும்.

அமெரிக்காவின் டனல் கிரீக்கில் 2012 பிப்ரவரி 19 அன்று இறங்கியவர்கள் கற்றுக்குட்டிகளா? தேர்ந்த பனிச்சறுக்கர்கள். முதலில் சறுக்கிய சிலர் பத்திரமாக இறங்கி மரங்களுக்கிடையே காத்து நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் சறுக்கும்போதுதான் பனி பெயர்ந்தது, நின்றவர்களையும் வாரிக்கொண்டு போனது. மூவர் இறந்தார்கள்.

நண்பரிடம் டிரான்சீவர் கருவி இருக்கிறதாம்! அது ஆள் புதைந்த இடத்தைத்தான் காட்டும். கால்மணிக்குள் தோண்டி எடுக்க ஆள் வேண்டாமா? 30 பாகைக்குக் குறைந்த, தலைக்குமேல் செங்குத்து ஏதுமில்லாத சாய்வில் அவர் தாராளமாகச் சறுக்கட்டும். நானும் வருகிறேன்.