ஒரே முழக்கோலா?

தனித்தியங்கும் சிறு வெளியீட்டாளரின் இலத்திரனியல் இசைத் தொகுப்புகளை மதிப்பிடும் மேனாட்டு விமர்சகர் பலர், பத்துக்கு இத்தனை எனப் புள்ளியிட்டு அனைத்தையும் ஒரே நிரலில் நிறுத்துகின்றனர். இது திறனாய்வன்று, சந்தைக்கான தரம்பிரிப்பேயாகும்.

வில்லியம் பசின்ஸ்கியின் ‘த டிஸின்டிகிரேஷன் லூப்ஸ்’ (2002) என்னும் தொகுப்பை நோக்குவோம். பழைய ஒலிநாடாக்களை 2001 இல் அவர் மறுபதிவு செய்தபோது நாடாவின் காந்தப்பூச்சு உதிரலாயிற்று. சிறு இசைத்துண்டொன்று ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகச் சுழன்று சுழன்று தேய்ந்தழிவதே அதன் முதற்பகுதி. ‘ஒன்றையே திரும்பத் திரும்ப ஒலிக்கின்றது’ எனக் குறைகூறுவோர், ஆக்கத்தின் பொருளையே அதன் குற்றமாகக் கொள்கின்றனர்.

ஜேலினின் ‘டார்க் எனர்ஜி’ (2015) இதற்கு நேரெதிரானது. இந்தியானா மாநிலத்தின் கேரி நகரில், உருக்காலையில் உழைத்தவாறே இப்பெண் ஆக்கிய அத்தொகுப்பு, சிக்காகோவின் நடனப் போட்டிகளில் வளர்ந்த ‘ஃபுட்வேர்க்’ இசையினின்று கிளைத்தது. அறுபட்டு அறுபட்டுப் பாயும் தாளமே அதன் உயிர். முன்னையதன் அமைதியை இங்கு தேடுபவர் எதனைக் காண்பார்? இவ்விரண்டையும் ஓர் எண்ணால் அளப்பது எங்ஙனம்?

அவ்வாறாயின் யாவும் நன்றே என்பதா எனச் சிலர் வினவலாம். அன்று. ஓர் ஆக்கம் தான் மேற்கொண்டதை எய்திற்றா, மேற்கொண்டது எய்தத்தக்கதா என்னும் இரு வினாக்களும் புள்ளியிடுவதிலும் கடுமையானவை. பெருநிறுவன விளம்பரமற்ற ஆக்கத்துக்கு, விமர்சகனின் சில வரிகளே பல வேளைகளில் கேட்போரை அடையும் பாதையாகும். அப்பாதையின் குறுக்கே முழக்கோலை இடுபவன் விமர்சகனல்லன், ஆயக்காரனே.