பொதுசனத் தொடர்பில் பொதுசனம் எங்கே?

நமது பத்திரிகைகளில் செய்தி சுருங்கி ஊடக அறிக்கை பெருகிவிட்டது. நிறுவனம் எழுதி அனுப்புவதைத் தலைப்பு மட்டும் மாற்றி அச்சேற்றுகிறோம். இதழியல் படிக்கும் பிள்ளைகளைத் தோட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அனுப்புவதற்கு முன்னரே பொதுசனத் தொடர்பு மாநாடுகளுக்கு அனுப்பி வைக்கிறோம். இதிலென்ன பிழை என்று கேட்போருக்காகவே இதை எழுதுகிறேன்.

மாணவனாக நானும் அத்தகைய மாநாடொன்றில் அமர்ந்திருந்தவன்தான். மாத்தளை மாவட்டத்தில் ஒரு விடுதி மண்டபம். திரையில், கூடை சுமந்தபடி சிரிக்கும் கொழுந்து பறிக்கும் பெண். 'இப்படம் எதை விற்கிறது?' என்றார் பேச்சாளர். பசுமை, தூய்மை, பாரம்பரியம் என்று விடைகள் வந்தன. 'அந்த அம்மாவின் பெயர் என்ன?' என்று கேட்டேன். மண்டபம் சிரித்தது. அது நமக்குத் தேவையற்ற தகவல் என்று கூறி அவர் அடுத்த படத்துக்குப் போனார்.

தேவையற்ற தகவல்! இத்துறையின் வரலாறே அதில் அடங்கியிருக்கிறது. 1906இல் உண்மையை ஒளிவுமறைவின்றித் தருவோம் என்று கொள்கை வெளியிட்டவர் அமெரிக்கரான ஐவி லீ. 1914இல் கொலராடோ மாநிலத்து லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடார முகாம் தாக்கி எரிக்கப்பட்டுப் பெண்களும் குழந்தைகளும் மாண்டனர். அதன்பின் ராக்பெல்லர் குடும்பத்தின் பெயரைத் துடைத்தெடுக்க அமர்த்தப்பட்டவரும் அதே லீதான்.

நம் நாட்டில் 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை நிறுவப்பட்டது. பெயரிலேயே பிரசாரம் என்று ஒப்புக்கொண்ட அந்த நேர்மையாவது அன்று இருந்தது.

2017இல் இலங்கைத் தேயிலைக்கு 150 ஆண்டு என்று கொண்டாடினார்கள். வெளிநாட்டுத் தூதரகங்களிலும் தேநீர் விருந்துகள் நடந்தன. 2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டு. அவர்கள் என்ன செய்தார்கள்? ஜூலை 28 அன்று தலைமன்னாரில் புறப்பட்டு, 16 நாட்களாக நடந்து, ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையை அடைந்தார்கள். கோப்பித் தோட்டங்களுக்காக முன்னோர் காட்டு வழியே நடந்து, பசியிலும் வாந்திபேதியிலும் விழுந்து மடிந்த பாதை அது. இலைக்கு விருந்து, அதைப் பறித்தவர்களுக்கு நடை. 1948இல் குடியுரிமையைப் பறித்த நாட்டில், தங்களையும் மனிதராக அங்கீகரியுங்கள் என்று வழியெங்கும் சிங்கள, முஸ்லிம், தமிழ்ச் சகோதரரிடம் எடுத்துரைத்துச் சென்றார்கள். பொதுசனத் தொடர்பு என்ற சொல்லுக்கு நானறிந்த மெய்யான பொருள் அந்த நடைதான்.

பொதுசனத் தொடர்பும் ஒரு தொழில்தானே என்பீர்கள். ஆம். வெள்ள எச்சரிக்கையையும் தடுப்பூசித் தகவலையும் மக்களிடம் சேர்ப்பவரை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் விடை சொல்லச் சம்பளம் வாங்குபவர். செய்தியாளர் வினாத் தொடுக்கச் சம்பளம் வாங்குபவர். இந்த வேறுபாட்டைக் கற்பிக்காமல் இருவரையும் ஒரே வாங்கில் உட்கார வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

விளைவைப் பாருங்கள். நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்கிய 2021ஆம் ஆண்டு வர்த்தமானியை எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. 2024இல் 1700 ரூபா என்றபோதும் சென்றன. கம்பனிக்கு அறிக்கை எழுத ஆளுண்டு; உற்பத்திச் செலவுக் கணக்கு மாலைக்குள் ஆசிரியர் மேசைக்கு வந்துவிடும். லயன் அறையில் இருப்பவளுக்கு அறிக்கை எழுதிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? அவளிடம் நாம் போகாவிட்டால் அவள் கணக்கு அச்சேறாது.

பத்திரிகை ஆசிரியர்களே, உங்களிடம் கேட்பது இரண்டுதான். அறிக்கையை அறிக்கை என்றே குறிப்பிட்டுப் போடுங்கள். சம்பளம் பற்றிய அறிக்கை ஒன்றைப் போடும் நாளில், அந்தச் சம்பளத்தில் அடுப்பெரிப்பவரின் பேச்சையும் அதே பக்கத்தில், அதே அளவில் போடுங்கள். அதைச் செய்ய மனமில்லையென்றால், செய்தித்தாள் என்ற பெயரையாவது எடுத்துவிடுங்கள்.