இடப்பற்றாக்குறை அல்ல காரணம்

மனித உடலின் ஒரு செல்லில் இருக்கும் டிஎன்ஏவை இழுத்து நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அதைத் தாங்கும் உட்கருவின் விட்டமோ 6 மைக்ரோமீட்டர் அளவுதான். இவ்விரண்டையும் அருகருகே வைத்து, இடம் போதாததால்தான் டிஎன்ஏ குரோமோசோமாகச் சுருண்டது என்று பாடம் நடத்துகிறோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. இழையின் தடிமன் 2 நானோமீட்டர் மட்டுமே. மொத்தக் கன அளவு சுமார் 6 கன மைக்ரோமீட்டர். உட்கருவின் கொள்ளளவு 110ஐத் தாண்டும். அறையில் பத்தில் ஒரு பங்கைக்கூட டிஎன்ஏ அடைப்பதில்லை.

அப்படியானால் கட்டியே வைக்க வேண்டாமே என்று கேட்கலாம். வேண்டும். டிஎன்ஏ முழுக்க எதிர்மின்னூட்டம் கொண்டது. தன்னைத்தானே விலக்கிக்கொள்ளும், கொஞ்சம் விறைப்பானதும்கூட. விட்டால் அறையைவிடப் பெரிதாக விரிந்துவிடும். நேர்மின்னூட்டம் கொண்ட ஹிஸ்டோன் புரதங்கள் எட்டு சேர்ந்த உருளையில் டிஎன்ஏவின் 147 எழுத்து இணைகள் ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுற்றிக்கொள்வது அதனால்தான். ஆனால் அடக்கி வைப்பது மட்டுமே நோக்கமென்றால் எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம் போதும். செல் அப்படிச் செய்வதில்லை. ஹிஸ்டோனின் வால்பகுதியில் ஓர் அசிட்டைல் தொகுதி ஒட்டினால் நேர்மின்னூட்டம் குறைந்து பிடி தளர்கிறது. அங்குள்ள மரபணுவைப் படிக்க முடிகிறது. கல்லீரல் செல்லும் நரம்புச் செல்லும் ஒரே நூலை வைத்துக்கொண்டு வெவ்வேறு பக்கங்களைத் திறப்பது இப்படித்தான்.

ஹிஸ்டோனைச் செய்யும் கட்டளையும் டிஎன்ஏவில்தானே இருக்கிறது, ஆக எல்லாம் எழுத்து வரிசைதான் என்பார்கள். நியாயமான வாதம். அதற்குத் தெருவில் திரியும் மூன்று நிறப் பெண்பூனையே பதில். அதன் ஒரு எக்ஸ் குரோமோசோமில் செம்பட்டை நிறம், மற்றதில் கறுப்பு. கருப்பருவத்தின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு செல்லும் ஏதாவது ஒரு எக்ஸை இறுக்கிச் சுருட்டி மூடிவிடுகிறது. அதன் வழி வரும் செல்களும் அதையே மூடிவைக்கின்றன. இதை மேரி லயன் 1961இல் விளக்கினார். செம்பட்டைத் திட்டிலும் கறுப்புத் திட்டிலும் எழுத்து ஒன்றே, மடிப்புதான் வேறு. எதை மூடுவது என்பதை எழுத்து தீர்மானிக்கவில்லை, தற்செயல் தீர்மானித்தது. (வெள்ளைத் திட்டுக்குக் காரணம் வேறொரு மரபணு.)

பள்ளிப் பாடத்துக்கு எளிமை தேவை, மறுக்கவில்லை. ஆனால் எளிமை வேறு, பிழை வேறு. ஹிஸ்டோன் உருளைகளில் சுற்றிய டிஎன்ஏ என்னும் மணிச்சரம் ஒழுங்காகச் சுருண்டு 30 நானோமீட்டர் கயிறாகிறது என்ற படம் பல பாடநூல்களில் இன்னும் இருக்கிறது. 2017இல் மனித செல்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் முப்பரிமாணத்தில் ஆராய்ந்தவர்கள் கண்டது, 5 முதல் 24 நானோமீட்டர் தடிமனில் ஒழுங்கற்று வளைந்து கிடந்த சரங்களை. அந்தக் கயிற்றை அங்கே அவர்கள் காணவில்லை. பாடநூல் எழுதுவோர் அடுத்த பதிப்பிலாவது அந்தப் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பூனையைப் போடட்டும்.