எம்டன் வீசிய குண்டும் ஏலக்காய் விலையும்

கடலில் திரியும் ஒரு போர்க்கப்பல் விளைவிக்கும் சேதத்தை, அது மூழ்கடித்த கப்பல்களின் எண்ணிக்கையைக் கொண்டே அளக்கிறோம். பொருளியல் நோக்கில் அது பாதிக் கணக்குதான். மீதிக் கணக்கை 1914-இல் சென்னை கண்டது.

அந்த ஆண்டு செப்டம்பர் 22 இரவு, கேப்டன் கார்ல் வான் முல்லரின் தலைமையில் வந்த ஜெர்மானியக் கப்பல் எம்டன், சுமார் அரை மணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. உயிரிழப்பு மிகக் குறைவே. ஆனால், மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினர். வங்கக் கடல் வணிகம் தடுமாறியது. காப்பீட்டுக் கட்டணம் உயர்ந்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனை வீழ்த்தியது. அதன் பெயர் மட்டும் தமிழ்ச் சொல்லாகவே தங்கிவிட்டது.

ஆர்க்டிக் கடலில் நடந்தது இன்னும் கொடியது. 1942 ஜூலையில், சோவியத் ஒன்றியத்துக்குப் போர்த் தளவாடங்களை ஏற்றிச்சென்ற பிக்யூ-17 கப்பல் அணியை, டிர்பிட்ஸ் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் தாக்கக்கூடும் என்று அஞ்சிக் கலைந்துபோகச் சொன்னது பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை. பாதுகாப்பிழந்த அணியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் கப்பல்களை விமானங்களும் நீர்மூழ்கிகளும் அழித்தன. டிர்பிட்ஸ் அந்த அணியை நோக்கி ஒரு குண்டைக்கூட வீசவில்லை.

கடலே தெரியாத போடிநாயக்கனூருக்கு இதில் என்ன பங்கு? 1928-இல் போடிக்கு வந்த ரயில் பாதையின் தண்டவாளங்கள், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டன. தொலைதூரப் போர் மலையடிவாரத்தையும் தொடும் என்பதற்கு ஊர் கண்ட சாட்சி அது.

இன்றைய சாட்சி ஏலக்காய். சவூதி அரேபியாவும் பிற வளைகுடா நாடுகளும் நம் ஏலக்காயின் முக்கியச் சந்தைகள். கொச்சியிலிருந்து ஜெட்டா செல்லும் சரக்கு பாப்-எல்-மண்டேப் நீரிணையையும், தம்மாம் செல்லும் சரக்கு ஹோர்முஸ் நீரிணையையும் கடந்தாக வேண்டும். 2023 நவம்பரில் ஹவுதிகள் 'கேலக்ஸி லீடர்' கப்பலைக் கைப்பற்றியபின், பெரும் கப்பல் நிறுவனங்கள் பல செங்கடலைத் தவிர்த்தன. தாக்கப்பட்டவை சில கப்பல்கள். கட்டணம் உயர்ந்ததோ அவ்வழியே சென்ற எல்லாவற்றுக்கும்.

அந்தக் கூடுதல் செலவை யார் சுமப்பது? குவாத்தமாலா போட்டியில் இருக்கும்போது, ஏற்றுமதியாளர் அயல்நாட்டு வணிகரிடம் விலையை எளிதில் உயர்த்த முடியாது. எனவே போடி மின்னணு ஏலத்தில் தாம் கேட்கும் விலையைக் குறைப்பார். விளைச்சலின் பெரும்பகுதி உள்நாட்டிலேயே விற்பனையாகிறது என்பது உண்மைதான். ஆயினும், ஏற்றுமதியாளர் பின்வாங்கினால் அந்தச் சரக்கும் உள்நாட்டுச் சந்தையில் குவிந்து எல்லோருக்கும் விலை சரியும். சிறு விவசாயியின் வருவாய் குறையும். பொட்டிபுரம், தேவாரம் வட்டாரங்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் மலையேறும் பெண்களின் வேலை நாள்களும் குறையும். போர் இடரின் கடைசித் தவணையைக் கட்டுபவர்கள், கப்பலையே பார்த்திராத இவர்கள்தாம்.

அச்சத்தின் விலையை அரசு பகிர்ந்துகொள்ள முடியும் என்பதற்கும் 1914-இலேயே முன்னுதாரணம் உண்டு. போர் தொடங்கியதுமே பிரிட்டிஷ் அரசு, கப்பல்களின் போர் இடரில் 80 விழுக்காட்டை மறுகாப்பீடாகத் தானே ஏற்றது. வணிகம் முற்றாக நின்றுபோகாமல் காத்ததில் கடற்படைக்கு நிகரான பங்கு அதற்கு உண்டு. இந்தியாவும் போர்க்கால மறுகாப்பீட்டைத் தேசியப் பாதுகாப்பின் பகுதியாகக் கருத வேண்டும். அதன் பயன் பெருநிறுவனங்களோடு நின்றுவிடாமல், சில மூட்டைகளை அனுப்பும் போடியின் சிறு ஏற்றுமதியாளரையும் எட்ட வேண்டும். கடற்கொள்ளையரைத் துரத்தக் கப்பல் அனுப்பும் அரசு, கட்டண உயர்வைச் சந்தையின் விதி என்று விட்டுவிடுவது பாதிப் பாதுகாப்பே.