வாண்டுமாமா புத்தகங்களைப் பூட்டி வைக்காதீர்கள்



வாண்டுமாமாவின் பழைய சித்திரக்கதைகளுக்கு இப்போது ஏகப்பட்ட கிராக்கி. வாங்கியவர்கள் பாலித்தீன் உறை போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கடைசிக் காலத்தில் அவர் எழுதிய புத்தகங்களையோ யாரும் தேடுவதில்லை. இரண்டும் சரியில்லை என்பது என் கருத்து.

பெயர் கிருஷ்ணமூர்த்தி. 1925-ல் புதுக்கோட்டைப் பக்கம் அரிமளத்தில் பிறந்தவர். பெரியவர்களுக்குக் கௌசிகன், குழந்தைகளுக்கு வாண்டுமாமா. ஓநாய்க்கோட்டை, மரகதச் சிலை என்றால் உங்களில் பலருக்கு இன்றும் கண் விரியும். 1984-ல் தொடங்கிய பூந்தளிர் இதழுக்கு அவர்தான் ஆசிரியர். அதற்குப் பிறகு அறிவியல், வரலாறு, பொது அறிவு என்று ஏராளமாக எழுதினார். எதிர்நீச்சல் என்று தன் வாழ்க்கையையும் எழுதினார். 2014 ஜூனில் காலமானார்.

மாயாஜாலம் எழுதியவர் தகவல் எழுதப் போய்விட்டார் என்று சிலர் குறைபடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அடுத்து என்ன ஆகுமோ என்று பக்கத்தைப் புரட்ட வைத்த அதே கை, அறிவியலையும் கதையாகச் சொன்னது. பாடப் புத்தகத்தைக் கண்டாலே ஓடும் பிள்ளைகள் அந்தப் புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் போனதை வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

இப்போது அம்புலிமாமா இல்லை, பூந்தளிர் இல்லை. நம் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. அதாவது 2074 முடியும்வரை உரிமை உள்ளவர்கள் மனது வைத்தால்தான் மறுபதிப்பு வரும். அதுவரை நம் கையிலிருக்கும் பிரதிகள்தான் பிள்ளைகளுக்குக் கதி.

ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பட்டுப் புடவையை ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகப் பீரோவில் வைத்தால் அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும். அவ்வப்போது பிரித்து, காற்றாட விட்டு, மாற்றி மடிக்க வேண்டும். கட்டிக்கொள்ளத்தானே நெய்தோம்? புத்தகமும் அப்படித்தான். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். படிக்க ஆள் இல்லாமல் போனால் என்ன செய்வது?

1948-ம் ஆண்டு நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாண்டுமாமா இருக்கிறாரா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

என்னிடம் உள்ளவற்றை விற்கப் போவதில்லை. ஆரணியில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை, பேரப்பிள்ளைகளை அழைத்து வாருங்கள். நோட்டில் பெயர் எழுதிவிட்டு ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்துப் போகலாம். பதினைந்து நாளில் திரும்ப வந்தாக வேண்டும். அந்த விஷயத்தில் நான் இன்னும் பழைய வாத்தியார்தான்!