வேலை போனது யாருக்கு?

பினாங்கு லிட்டில் இந்தியாவில், பினாங் தெருவும் மார்க்கெட் தெருவும் கூடும் முனையில் மாலை வேளையில் சிறிது நேரம் நின்றவர்கள் அறிவார்கள்: கடைக்குக் கடை ஒலிபெருக்கி, கடைக்குக் கடை ஒரு சினிமாப் பாட்டு. தீபாவளிக் காலத்தில் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்த குடும்பங்களும் டவுன்வாசிகளும் அந்தப் பாட்டுகளின் நடுவேதான் சேலைக்குப் பேரம் பேசுகின்றனர். அவற்றுள் ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். 2002ஆம் ஆண்டில் வெளிவந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தின் பாட்டு அது. சொற்கள் கவிஞர் வைரமுத்துவினுடையவை. அவற்றுக்காக அவர் தேசிய விருதும் பெற்றார். குரல் சின்மயியினுடையது, சினிமாவில் அவருக்கு அதுவே முதற் பாட்டு.

2018 அக்டோபரில் அந்தக் குரலுக்குரியவர், அந்தச் சொற்களுக்குரியவர்மீது பாலியல் குற்றச்சாட்டு ஒன்றை, தம் பெயரையோ முகத்தையோ மறைத்துக்கொள்ளாமல், உலகறியச் சொன்னார். கவிஞர் அதை மறுத்தார். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளியென்று இதுவரை தீர்ப்பளிக்கவில்லை. இதனை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். நாம் நீதிபதி நாற்காலியில் அமர்ந்து எழுத வரவில்லை.

அன்று முதல் நம்மவர் கூடுமிடமெல்லாம் ஒரே வாதம். "புகழ்பெற்ற ஒருவர்மீது பெருங்குற்றம் சாட்டப்பட்டால் அவர் தொழிலில் நீடிக்கலாமா?" என்பது கேள்வி. "கூடாது, விலக்குக" என்பார் ஒரு கட்சியார். "குற்றம் ருசுவாகாமல் ஒருவருடைய பிழைப்பில் மண்ணைப் போடலாமா?" என்பார் மறு கட்சியார். இரு கட்சியாரையும் நாம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. இந்த வழக்கில் வேலை போனது யாருக்கு?

குற்றச்சாட்டு எழுந்த அடுத்த மாதமே, 2018 நவம்பரில், டப்பிங் கலைஞர்கள் சங்கம் சின்மயியை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கிற்று. ஈராண்டுச் சந்தா பாக்கி என்பது சங்கம் சொன்ன காரணம். தாம் ஆயுட்கால உறுப்பினரென்பது சின்மயியின் மறுமொழி. அக்டோபரில் வெளிவந்த '96' படத்தில் திரிஷாவுக்குக் குரல் கொடுத்து ஊரெல்லாம் புகழப்பட்டவர், நவம்பரில் சந்தா பாக்கிக்காரர் ஆனார்! அப்போது சங்கத்தின் தலைவராயிருந்தவர் நடிகர் ராதா ரவி. அவர்மீது புகார் சொன்ன பெண்களுக்கும் சின்மயி ஆதரவாகப் பேசியிருந்தார். அப்புகாரை ராதா ரவியும் மறுத்தார். 2023இல் 'லியோ' படத்தில்தான் திரிஷாவுக்காகச் சின்மயியின் குரல் தமிழில் மீண்டும் ஒலித்தது. இடையிலே ஐந்தாண்டு. ஒரு கலைஞரின் வாழ்நாளில் ஐந்தாண்டு என்பது சிறு கணக்கா?

இனிக் கவிஞரின் கணக்கைப் பார்ப்போம். பாட்டு நின்றதா? மேடை நின்றதா? இல்லை. 2021 மே மாதத்தில் கேரளத்து ஓ.என்.வி. இலக்கிய விருது அவருக்கென அறிவிக்கப்பட்டது. கேரள நடிகையரும் எழுத்தாளரும் எதிர்ப்புத் தெரிவித்த பின்னரே, விருதை மறுபடி ஆராய்வதாக அந்த அமைப்பு கூறிற்று. கவிஞர் தாமே அவ்விருதை வேண்டாமென விட்டார். ஆகவே, "குற்றம் ருசுவாகும் முன் பிழைப்பைக் கெடுக்கலாமா?" என்று கண்ணீர் விடுவோரே, உங்கள் நியாயம் மிக நல்ல நியாயம். அதனை முறையிட்ட பெண்ணுக்கும் ஏன் வழங்கவில்லை? அவர் செய்த குற்றம் எந்த நீதிமன்றத்தில் ருசுவாயிற்று?

நிற்க. "பாகவதரை மறந்தீரோ?" என்று பெரியவர் சிலர் கேட்பர். மறக்கவில்லை. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகைக்காரர் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்றனர். லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பியனுப்ப, 1947இல் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. வெளியே வந்த கிருஷ்ணன் மீண்டும் சிரிக்க வைத்தார். 'ஹரிதாஸ்' படத்தால் மூன்று தீபாவளி கண்ட பாகவதரோ பழைய நிலையை எய்தவேயில்லை. இது பெருந்துயரம், ஒப்புக்கொள்கின்றோம்.

ஆனால் அத்துயரத்திலிருந்து பெறவேண்டிய பாடம் யாது? பாகவதரைச் சிறைக்கு அனுப்பியது ரசிகர்களின் கோபமா? அன்று, நீதிமன்றம் வழுவிற்று; மேல்மன்றம் திருத்திற்று. சிறைக்கு அனுப்பச் சாட்சியும் விசாரணையும் பழுதற இருத்தல் வேண்டுமென்பதே அதன் பாடம். மாலை போடுவதற்கும் அதே சாட்சியம் வேண்டுமென்று யார் சொன்னது? சிறை என்பது ஒருவருடைய உரிமையைப் பறிப்பது. மாலை என்பது நாம் விரும்பித் தருவது. தராமல் இருப்பது தண்டனையாகாது.

மேலும், லட்சுமிகாந்தனின் 'இந்துநேசன்' போன்ற ஏடுகள் நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை எழுதி விற்றன. வம்பே அவற்றின் முதல், வம்பே அவற்றின் லாபம். இக்காலத்துப் பெண்களின் முறையீட்டையும் அவ்வகை வம்போடு சேர்த்தெண்ணுவோர் உளர். தன் பெயரைச் சொல்லி, தன் வாயால் சொல்லி, தன் வேலையை இழந்து நிற்பவளுக்கு இதில் என்ன லாபம் கண்டீர்?

இது சென்னைச் சினிமாக்காரரின் சண்டை, நமக்கென்ன என்று தோட்டத்துத் தோழர் நினைக்கலாம். அவர் தம் பாட்டனாரின் கதையை நினைவு கூர்க. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டனர். கள்ளுக்கடையை மூடக் கேட்டனர். துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற இழிவை ஒழிக்கக் கேட்டனர். அந்தக் கோரிக்கைகளோடு ஒன்றாக, தோட்டத்துப் பெண்களிடம் துரைமாரும் அவர்க்குக் கீழிருந்த உத்தியோகஸ்தரும் செய்துவந்த அத்துமீறலை நிறுத்தவேண்டுமென்றும் கேட்டனர். எழுத்தறியாத மக்களென்று எண்ணப்பட்டவர்கள், கூலியையும் பெண்ணின் மானத்தையும் ஒரே தாளில் வைத்துக் கேட்டனர். விடையாக வந்தது பட்டாளம். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். குற்றம் சாட்டப்பட்ட துரை பங்களாவில் இருந்தார். குற்றம் சொன்னவர் கப்பலில் ஏற்றப்பட்டார். அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே வழக்கம்: ஆள் பெரியவனாயின் வேலை போவது முறையிட்டவருக்கே. அன்று துரைத்தனத்தை எதிர்த்தவர்களின் பேரர்கள், இன்று நட்சத்திரத் துரைத்தனத்துக்குச் சாமரம் வீசலாமா?

"கலை வேறு, கலைஞன் வேறு" என்பது மற்றோர் ஆட்சேபணை. நன்று. லிட்டில் இந்தியாக் கடைகளில் அந்தப் பாட்டு ஒலிக்கட்டும். அதை நிறுத்தினால் அவளுடைய குரலும் அல்லவா நின்றுபோகும்? பழைய பாட்டை எரிக்கச் சொல்லவில்லை. ஆனால் பாட்டைக் கேட்பது வேறு. பாட்டுக்காரரை அழைத்துவந்து, பொன்னாடை போர்த்தி, நம் பெண்பிள்ளைகளை ஆசி வாங்க வரிசையில் நிறுத்துவது வேறு. திறமை உள்ளவன் என்பதற்காகத் தோட்டத்துக் கிராணியை நாம் மன்னித்ததுண்டா? கணக்கைப் பிழையில்லாமல் எழுதினான் என்பதற்காக அவன் கையை எங்கும் நீட்டலாமென்று விட்டோமா?

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? நம் கருத்தைச் சுருக்கமாகச் சொல்வோம்.

முதலாவது, விசாரணை நடக்கும்வரை முறையிட்டவரின் வேலையை எவரும் தொடலாகாது. குற்றம் சாட்டப்பட்டவரும் உழைத்து உண்ணட்டும். ஆனால் பிறருக்கு வேலை கொடுக்கவும் பறிக்கவும் வல்ல நாற்காலியில் அக்காலத்தில் அவர் அமரலாகாது. சங்கத் தலைமை, விருதுக் குழு, போட்டி நடுவர் ஆகியவை இவ்வகை நாற்காலிகள்.

இரண்டாவது, குற்றம் உறுதியானால் அவர் விலகவேண்டும். எத்தனை காலம் என்பது குற்றத்தின் அளவைப் பொறுத்தது. 2024 செப்டம்பரில் தென்னிந்திய நடிகர் சங்கம், குற்றம் உறுதியானவர்களை ஐந்தாண்டு சினிமாத் தொழிலிலிருந்து விலக்கப் பரிந்துரைப்பதாகத் தீர்மானித்தது. கேரளத்து ஹேமா குழுவின் அறிக்கை அதற்கு முந்தின மாதம் வெளிவந்து ஊரை உலுக்கியதன் பயன் அது. வரவேற்கின்றோம். ஆனால் அதே சங்கம், பாதிக்கப்பட்டவர்கள் பத்திரிகைகளிடம் போகாமல் முதலில் தன் குழுவிடம் வரவேண்டுமென்றும் கேட்டுக்கொண்டது. கதவு திறந்திருந்தால் எவள் தெருவில் நின்று கூவுவாள்?

மூன்றாவது, நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் உண்டு. அதன்கீழ் ஒரு நடுவர் மன்றம் உண்டு. அது இரண்டரை லட்சம் ரிங்கிட் வரையில் இழப்பீடு விதிக்கலாம். நட்சத்திரம் மட்டுமன்று, தோட்டத்து அதிகாரியும் கடை முதலாளியும் அதற்கு உட்பட்டவர்களே. இதனை நம் சங்கங்கள் தமிழில் அச்சிட்டு வீடுதோறும் கொடுக்கட்டும். கலைநிகழ்ச்சிக்குப் பந்தல் போடத் தெரிந்த சங்கங்களுக்கு இது தெரியாத வேலையா?

கடைசியாக ஒரு சொல். சென்னைத் திரையுலகம் தானே திருந்தும் என்று காத்திருப்பது வீண். அவர்களுடைய படத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்குவோர் நாம். அவர்களுடைய விமானச் செலவுக்குச் சந்தா தருவோர் நாம். பால் மரம் சீவிய கையின் காசும், கடையில் நின்ற காலின் காசும் அதில் இருக்கின்றன. அடுத்த முறை விழாக் குழுவார் ரசீதுப் புத்தகத்தோடு வீட்டு வாசலுக்கு வரும்போது, யார் வருகிறார் என்று கேட்பதோடு நில்லாதீர். அவர்மீது முறையிட்டவள் இருந்தால் அவள் இன்று எங்கே வேலை செய்கிறாள் என்றும் கேளுங்கள். அதற்கு அவர்களிடம் பதில் இல்லையாயின், பணத்தை மடியிலேயே முடிந்துகொள்ளுங்கள்.