கைதட்டலுக்குப் பிறகு: வடிவமைப்பு மாணவர்களின் கோரிக்கைச் சாசனம்

கல்லூரி நிர்வாகங்களுக்கு, முகாம் நடத்துவோருக்கு, தொண்டு நிறுவனங்களுக்கு, ஸ்பான்சர் கம்பெனிகளுக்கு:

வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம் முடியும் டிசைன் கேம்ப்களில் கண்விழித்த மாணவர்கள் நாங்கள். லோகோ, நோட்டீஸ், போஸ்டர் என்று தொண்டு நிறுவனங்களுக்குக் காசு வாங்காமல் செய்து கொடுத்திருக்கிறோம். இனியும் செய்வோம். ஆனால் செய்தது பயன்பட வேண்டும்.

1998இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், கொலம்பியா நகர விளம்பர நிறுவனம் ஒன்று 24 மணி நேரம் இப்படி இலவசமாக வேலை செய்து கொடுத்தது. 'கிரியேட்டத்தான்' என்று பெயர். அங்கே விழித்திருந்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள். வந்தவரிடம் என்ன கேட்க வேண்டும், அச்சகத்தில் என்ன சொல்வார்கள் என்று அறிந்தவர்கள். நம் ஊர் முகாம்கள் கண்விழிப்பை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

முதியோருக்கு வீடு தேடிப்போய் வைத்தியம் பார்க்கும் ஓர் அமைப்புக்கு எங்களில் நால்வர் நோட்டீஸ் செய்தோம். கருநீலப் பின்னணியில் மெல்லிய வெள்ளை எழுத்து. திரையில் காட்டியபோது நல்ல கைதட்டல். இரண்டு மாதம் கழித்துப் போனால், அந்த அலுவலகத்தில் கலர் பிரிண்டரே இல்லை. தெருமுனைக் கடையில் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். தாள் முழுக்கக் கறுப்பு. ஓர் அக்கா ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் போன் நம்பரைப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். எப்படி அச்சடிப்பீர்கள் என்று நாங்கள் கேட்கவே இல்லை. அவர்களோடு பேச எங்களுக்குக் கிடைத்ததே அரை மணி நேரம்.

ஆகவே முதல் கோரிக்கை: முகாமுக்கு முன்னால் ஒரு முழு நாள், அந்த நிறுவனத்தின் இடத்திலேயே இருக்க வேண்டும். எங்களோடு பேச, நோட்டீஸைக் கையில் எடுத்துப்போகும் களப்பணியாளரை அனுப்புங்கள். அறங்காவலர் வந்து வாழ்த்துரை வழங்கினால் போதாது.

இரண்டாவது, ஃபைல். பிடிஎஃப்பைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் வழக்கம் ஒழிய வேண்டும். முகவரி மாறினால் தொண்டு நிறுவனத்தாருக்கே திருத்தத் தெரிய வேண்டும். அவர்களிடம் இருக்கும் மென்பொருளில் திறக்க வேண்டும். திருத்தக் கற்றுக்கொடுக்க அரை நாள் ஒதுக்க வேண்டும். இன்னும் பல அலுவலகங்களில் வானவில், பாமினி தட்டச்சுதான். யூனிகோடு எழுத்துருவை மாட்டியதும் அந்தப் பழைய வாசகம் வேறு ஏதோ கிறுக்கலாகிவிடும். தமிழக அரசே 2010இல் யூனிகோடை ஏற்றாயிற்று. இலவச உரிமம் உள்ள நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், முக்த மலர் இருக்க, திருட்டு எழுத்துரு எதற்கு? இன்னொன்று, தமிழ் வாசகத்தை முதலில் எழுதுவோம். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு ஆங்கிலத்தை இயந்திரத்தில் போட்டு எடுத்த தமிழை ஒட்டியதற்கு எங்களுக்கே வெட்கம்.

குழந்தைகள் இல்லங்களில் முகம் தெரியப் படம் எடுக்கச் சொல்லாதீர்கள். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. முகாமின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கும் அது பொருந்தும்.

பதிவுப் படிவத்தின் கடைசி வரியில் எல்லா உரிமையும் அமைப்பாளருக்கே என்று இருக்கிறது. அதை எடுங்கள். தொண்டு நிறுவனம் எங்கள் வேலையை விருப்பம்போல் பயன்படுத்தட்டும். ஸ்பான்சர் தன் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. உரிமையை எழுதிக்கொடுத்தாலும் படைத்தவர்கள் நாங்களே என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எங்களிடமே இருக்கிறது. பெயரைப் போடுங்கள்.

டி-சர்ட்டுக்கும் மேடை பேனருக்கும் பணம் இருக்கிறது, நோட்டீஸை அச்சடிக்க இல்லை. முதல் ஆயிரம் பிரதி ஸ்பான்சர் செலவு.

கூலி கொடுக்க வசதியுள்ள நிறுவனங்களை முகாமில் சேர்க்காதீர்கள். எங்கள் இலவச வேலையால் ஒரு டிடிபி கடைக்காரர் பிழைப்பு போகக் கூடாது.

இரவு பன்னிரண்டுக்கு மேல் வேலை வேண்டாம். மாணவிகளுக்குத் தங்குமிடம் அதே வளாகத்தில்.

இவற்றை எழுத்தில் ஏற்கும் முகாம்களில் மட்டுமே இனி பெயர் கொடுப்போம். ஆறு மாதம் கழித்து ஒரு நாள், அதே நிறுவனத்துக்கு எங்களைத் திரும்ப அனுப்புங்கள். சான்றிதழ் வேண்டாம், பஸ் கட்டணம் கொடுத்தால் போதும்.